பூமிநாதன் பேர் ஒட்டிய பாட்டில்

பரளச்சியில் முதலில் தேனீப் பெட்டி வைத்தவன் நான்தான். அருப்புக்கோட்டையில் முருகலட்சுமியின் நாட்டு மருந்துக் கடைக்கு வந்து, சின்னச்சாமி தேன் இருக்கிறதா என்று பேர் சொல்லிக் கேட்பார்கள். பன்னிரண்டு வருஷம் முன்தட்டில் என் பாட்டில் நின்றது. இப்போது அங்கே பூமிநாதன் பாட்டில் நிற்கிறது. அவன் பெட்டி வாங்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை.

"அவுக தேனக் கேட்டுத்தாண்ணே ஆளு வருது. நான் என்ன செய்ய?" என்றாள் முருகலட்சுமி.

சீனி கலக்காமல் அவனுக்கு அந்த ருசி வராது. இந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தேன் ஒரு பாட்டில், என் தேன் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு, மதுரையில் தேனைச் சோதித்துத் தரும் இடத்துக்கு பஸ் ஏறினேன்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. பூமிநாதன் பேர் பேப்பரில் வந்திருக்கிறது. பேரைப் பார்த்தே நல்ல தேன் என்று எழுதிவிடுவார்கள். அதனால் என் பாட்டிலில் அவன் பேரை ஒட்டினேன், அவன் பாட்டிலில் என் பேரை. அவன் பேருக்குச் சாதகமாக எழுதினால், நீங்கள் மெச்சியது என் தேன் என்று கடையில் போட்டு உடைக்கலாம். மிஷின் உண்மையானது என்றால், எந்தப் பேரில் இருந்தாலும் அவன் சீனி மாட்டும்.

அங்கே சுபத்ரா என்ற பெண் மிஷினைக் காட்டினாள்.

"ஒரு சொட்டுத் தேன நிறையத் தண்ணியில கரைச்சு, காஸ்டிக் சோடாத் தண்ணியோட இந்தக் குழாய்க்குள்ள தள்ளுவோம்யா. உள்ள இருக்கிற பொடி சீனிகளப் பிரிச்சிரும். முதல்ல குளுக்கோஸ் வரும், அப்புறம் பிரக்டோஸ், அதுக்கும் பின்னால நம்ம கடைச் சீனி. குழாய் முடிவுல பொட்டுத் தங்கம் இருக்கு. சீனி அதுல பட்டதும் கரண்டு துள்ளும். இந்தக் கோடு மலை மாதிரி ஏறும்."

"தங்கமா? யாரும் களவாங்கலையா?"

"மூக்குத்திக்குக்கூடக் காணாதுய்யா."

ஒரு வாரம் கழித்துப் போனேன். என் பேர் போட்ட தாளில் ரெண்டு மலை, மூன்றாவது வெறும் மேடு. பூமிநாதன் பேர் போட்ட தாளில் மூன்றாவது மலையும் நிமிர்ந்து நின்றது.

"கடைச் சீனி நூத்துக்குப் பதினொண்ணு இருக்குய்யா. அஞ்சு தாண்டக் கூடாது. இவுக ஈக்குப் பாகு குடுத்துருக்காக."

கொடுத்தேன்தான். வயலில் கொத்தமல்லிப் பூ முடிந்த பிறகு ஈ சாகாமல் இருக்கச் சீனிப்பாகு வைத்தேன். அந்த மாசத்திலேயே தேனும் எடுத்தேன். ஈ குடித்துக் கக்கினால் எல்லாம் தேன்தானே என்று இருந்துவிட்டேன்.

ஆனால் தாளில் இருப்பது அவன் பேர். நேரே கடைக்குப் போய் ரெண்டு தாளையும் முருகலட்சுமி கையில் கொடுத்தேன். அவள் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் பூமிநாதன் வந்துவிட்டான். கடையில் அஞ்சாறு பேர் நின்றார்கள். தாளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அண்ணன் மதுரை வரைக்கும் போய்ப் பாத்துருக்காக. தப்பு எங்கிட்டத்தான் இருக்கும். எல்லாப் பாட்டிலயும் இறக்கிருங்கக்கா. வாங்கினவுக வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றான்.

"இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுசனா!" என்றார் மருந்து வாங்க வந்த ஒருவர். முருகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் சீனிக்கு அவனுக்கு நல்ல பேர்! அவன் முதல் பாட்டிலை இறக்கினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, வையி பாட்டில! சீனி இருக்கிறது என் தேனு. பேர நாந்தான் மாத்தி ஒட்டுனேன்."

முருகலட்சுமி உள்ளே போய், மிச்சமிருந்த என் பாட்டில்களை ஒரு பையில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

பூமிநாதன் மெதுவாகச் சொன்னான்: "பாகு வைக்கிற மாசத்துல மட்டும் தேன் எடுக்காதீகண்ணே."

"அத நீ எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.