எபியின் நன்றியுரை

முப்பத்தெட்டு வயதில் என் கையில் ஒரு க்ரேயான் பெட்டியைத் திணித்தார்கள். மேற்குத் தாம்பரத்தில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கான ஆதரவுக் கூட்டம் என்று போஸ்டர் ஒட்டியிருந்த இடத்தில்தான். போன பிறகுதான் தெரிந்தது, அது பெற்றோருக்கான கூட்டமாம். அவர்கள் மைக் பிடித்து அழுவார்கள், நாங்கள் பின்னறையில் யானைப் படத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபைப் பதினான்கு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள் நான். சாம்பல் நிறம் பூசிக் கொடுத்தேன். "வெரி குட் ஜோசலின்!" என்று கைதட்டினார்கள். யானைக்கு வேறு என்ன நிறம் பூசுவேன் என்று எதிர்பார்த்தார்களோ.

அந்தப் பின்னறையில் கிடைத்த ஒரே நல்ல விஷயம் ஹேமநாத்தும் எபியும். ஹேமநாத் படப்பையில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். எபிக்கு இருபத்தொன்பது வயது. வாய் பேச மாட்டான், சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுவான். மூவரும் யானைகளை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறினோம். சிட்லபாக்கத்தில் எபி குடும்பம் போகும் சர்ச்சின் ஞாயிறு பள்ளி அறை சனிக்கிழமை மாலைகளில் சும்மா கிடந்தது. கமிட்டி செயலாளர் யேசுதாசன் சாரிடம் கேட்டு வாங்கினேன்.

அங்கே எங்கள் சட்டம்தான். ட்யூப்லைட் கிடையாது, எனக்காக. ஃபேன் கிடையாது, அந்தச் சத்தம் ஹேமநாத்துக்கு ஆகாது. வியர்த்து ஊற்றும், பரவாயில்லை. "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று யாரும் கேட்கக் கூடாது. எபிக்காக ஒரு சட்டம்: அவன் போனை நீட்டினால், அதில் இருப்பதை ஒரு சொல் விடாமல் சத்தமாகப் படிக்க வேண்டும். வீட்டில் அவன் "கோபமாக இருக்கிறது" என்று எழுதிக் காட்டினால், அவன் அம்மா விருந்தாளிகளிடம் "பசிக்குதாம்" என்று படிப்பாராம். வாரத்தில் அவன் விரும்பி வீட்டைவிட்டு வெளியே வருவது அந்த அறைக்கு மட்டும்தான்.

இரண்டு வருடம் நிம்மதியாக ஓடியது. பிறகு யேசுதாசன் சாருக்கு எங்கள் மேல் கருணை பொங்கியது.

"சர்ச் ஆனிவர்சரி வருது சிஸ்டர். நீங்க மூணு பேரும் ஸ்டேஜ்ல ஏறி ரெண்டு வார்த்தை நன்றி சொன்னீங்கன்னா ஜனங்களுக்கு ஆசீர்வாதமா இருக்கும்." பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அந்த ரூமை டெய்லரிங் கிளாசுக்கு வேற கேட்டுட்டே இருக்காங்க. நான்தான் உங்களுக்காகப் புடிச்சு வெச்சிருக்கேன்."

மிரட்டலைக்கூட ஜெபம் மாதிரி சொல்லத் தெரிந்த மனிதர். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எபி போனை நீட்டினான். படித்தேன்: "நான் நன்றி சொல்கிறேன். எனக்கு இந்த அறை வேண்டும்."

ஆனிவர்சரி அன்று மேடை முழுக்கக் கலர் விளக்கு, இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்.

"மண்டை வெடிச்சுடும் போல கீதுக்கா," என்று ஹேமநாத் காதைப் பொத்திக்கொண்டான். எங்களைத் 'தேவனுடைய விசேஷப் பிள்ளைகள்' என்று அறிமுகப்படுத்தினார்கள். பிள்ளை ஹேமநாத்துக்கு முன்னந்தலை வழுக்கை. நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே முன்வரிசையில், எபியின் அம்மா உட்பட, கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அழுவதற்கென்றே கைக்குட்டையோடு வந்திருந்தார்கள் போல.

எபி போனை என்னிடம் கொடுத்தான். மைக்கில் படித்தேன். "அறை கொடுத்ததற்கு நன்றி. நான் சின்ன வயதிலிருந்து இந்த சர்ச்சுக்கு வருகிறேன்."

"அல்லேலூயா!" என்றார் யேசுதாசன் சார்.

அடுத்த வரி கண்ணில் பட்டது. படிப்பதை நிறுத்தினேன். எபி பக்கத்தில் முகம் மலர நின்றான். ஒரு வாரம் உட்கார்ந்து, மனதார நன்றி என்று நினைத்தே எழுதியிருக்கிறான். அந்த வரிகளை விழுங்கிவிட்டு ஆமென் போட்டால் அறை எங்களுக்கு. அதைவிட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் விழுங்கினால் எனக்கும் அவன் அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?

படித்தேன். "இங்கே என்னைக் கேட்காமல் என் தலையில் கை வைத்து ஜெபித்தவர்கள் நாற்பத்தொரு பேர். அம்மா தினமும் வைக்கிறார். அந்த அறையில் ஒருவரும் என்னைத் தொட்டதில்லை. அதனால் இந்த சர்ச்சிலேயே நல்ல இடம் அந்த அறைதான். மிக்க நன்றி."

எபி மட்டும் கைதட்டினான். செவ்வாய்க்கிழமை யேசுதாசன் சாரிடமிருந்து மெசேஜ் வந்தது: "டெய்லரிங் கிளாஸ் ஸ்டார்ட் பண்றோம் சிஸ்டர். காட் ப்ளெஸ்."

அறை இல்லாவிட்டாலும் சனிக்கிழமை மூன்று மணிக்கு, சர்ச்சுக்குப் பக்கத்திலிருக்கும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் இருந்தேன். பழக்க தோஷம். தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் ஒரு மணி நேரம் முன்பே வந்து, மூலை பெஞ்சில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பேன். வெட்கக்கேடு, அதனால் யாரிடமும் சொன்னதில்லை. அன்று இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கத்து பெஞ்சில் ஹேமநாத்.

"நீ எப்ப வந்தே?"

"ரெண்டே முக்காலுக்கு. எப்பவும் அப்டித்தான்க்கா."

இன்னும் தள்ளி, மரத்தடியில், வாட்சைப் பார்த்தபடி எபி. இரண்டு வருடமாக மூன்று பேரும் ஒரே ஏரிக்கரையில் ஒருவருக்கொருவர் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறோம். ஊரையெல்லாம் முட்டாள் என்று திட்டுகிறேனே, எங்களைவிட வடிகட்டின முட்டாள்கள் இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே கிடையாது.

அப்போதும் நான்கு மணி வரை எபி அசையவில்லை. நான்கானதும் எழுந்து வந்து, எங்கள் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். அறையைப் பறிகொடுத்தவள் என்று என்னைத் திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன். போனை நீட்டினான்.

திட்டாகத்தான் இருக்கும். ஆனாலும் சட்டம் சட்டம்தான். சத்தமாகப் படித்தேன்: "அம்மா நேற்று கேட்டுவிட்டுத்தான் என் தலையைத் தொட்டார்."