கணப்புக் காசில் வாங்கிய ஷெர்ரி

பெரில் போட்டிருந்த கோட்டை நான்தான் பிடித்து இழுத்தேன். விளையாட்டுக்குத்தான். இருந்தாலும் இழுத்தது என் கை, வேறு யார் கையுமில்லை.

குளிர் தொடங்கியதும் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர் எல்லோருக்கும் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள அரசாங்கத்தின் கணப்புக் காசு வரும். இருக்கிறவள், இல்லாதவள் என்று பார்க்காது. எனக்கு இரண்டு ஓய்வூதியம், ஸ்பெயினில் ஒரு வீடு, தரைக்கடியிலேயே சூடு ஓடும் கூடம். அந்தக் காசை வைத்து நான் என்ன செய்ய? ஷெர்ரி ஒயின் வாங்குவேன். எதிர்வீட்டு பெரில், தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்யும் ஜாய்ஸ், நான், மூவரும் என் வீட்டில் உட்கார்ந்து குடிப்போம். "அரசாங்கம் ஊத்துது, குடிங்கடி!" என்பேன். வருஷா வருஷம் அதே கேலி. பெரிலும் சிரிப்பாள்.

இந்த முறை கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றாள். "உள்ள என்ன, திருட்டுச் சாமானா?" என்று பொத்தானை அவிழ்த்து உருவிவிட்டேன்.

உள்ளே இரவு உடை. அதன்மேல் செத்துப்போன புருஷனின் இரண்டு ஸ்வெட்டர். வயிற்றில் ஒரு வெந்நீர்ப் பை, நாடா போட்டுக் கட்டியிருந்தது. ஜாய்ஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, எங்கள் ஊர் ஹாலிஃபாக்ஸின் மழையைத் திட்ட ஆரம்பித்தாள். "கிளம்பற அவசரத்துல அவுக்க மறந்துட்டேன்," என்றாள் பெரில். நான் கோட்டும் கையுமாக நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள், ஷெர்ரிக்குப் போனதையும் ஈடுகட்டி, எனக்கு வந்த கணப்புக் காசு முழுவதையும் உறையில் போட்டு, அவள் கதவின் தபால் துளையில் தள்ளினேன். மனசு லேசாகிவிட்டதாகக்கூட நினைத்தேன், வெட்கங்கெட்டவள்.

அரைமணியில் வந்துவிட்டாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"இது எதுக்கு?"

"எனக்குத் தேவையில்ல பெரில். எனக்கெல்லாம் இதைக் குடுக்கவே கூடாது. அநியாயம்."

"அநியாயமோ என்னமோ. வர்ற கணப்புக் காசு எனக்கு ஒரு மாசத்துக்கே காணாது. பென்ஷன் பத்தலன்னு எழுதிக்குடுத்தா இன்னும் தருவாங்களாம். எங்கிட்ட என்னென்ன இல்லன்னு ஒவ்வொண்ணா எழுதணும். நான் எழுதல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எல்லாருக்கும் வர்ற அந்தக் காசு ஒண்ணைத்தான் கூசாம வாங்கறேன். ஏன் தெரியுமா? நீயும் வாங்கற. இப்ப நீ நீட்டினா அது பிச்சைடி, ஹிலரி."

"அதுக்காகக் குளிர்ல கிடந்து சாவியா?"

"அது என் பாடு."

உறையை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கிவிட்டாள். ஜில்லென்றிருந்தது அவள் கை. அவள் தெருவைக் கடந்து, தன் கதவைச் சாத்தும் வரை என் கதவைச் சாத்த என்னால் முடியவில்லை. வீட்டுச் சூடெல்லாம் என்னை உரசிக்கொண்டு தெருவுக்குப் போனது.