மாமியார் வீட்டு பாய்லர்

ஹாலிஃபாக்ஸின் ஜனவரிக் குளிரில், வீடு முழுக்கச் சூடு தந்துகொண்டிருந்த கிளெனிஸின் பழைய பாய்லர் ஒரேயடியாக நின்றுபோனது. புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்க, பாய்லர் மாட்டுபவர்கள் மூன்று பேரை வரவழைத்தாள். முதல் இருவரும் ஆளுக்கொரு கம்பெனியைப் புகழ்ந்து தள்ளியதில் அவளுக்குத் தலை சுற்றியது. மூன்றாவதாக வந்த டாரெலிடம் தேநீரை நீட்டி, நேராகவே கேட்டாள்.

"விளம்பரமெல்லாம் வேணாம்ப்பா. உன் வீட்ல எது மாட்டியிருக்க?"

"என்னோடது அடிக்கடி மக்கர் பண்ணும்மா. நானே சரிபண்ணிக்குவேன். மாமியார் வீட்ல மாட்டினதுதான் அருமையானது."

"மாமியார் மேல அவ்வளவு பாசமா?"

"அட நீங்க வேற! அது கெட்டுப்போனா நான்தானே அங்க போய் நிக்கணும்? அதான் பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஒன்பது வருஷமா ஒரு தடவைகூட அவங்க கூப்பிடல."

கிளெனிஸுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"எனக்கும் அதையே மாட்டிடுப்பா," என்றாள்.