பெண் பார்க்க வந்தவரின் இங்கிலீஷ்

என் அக்கா ஜானகிக்குப் பார்த்த மாப்பிள்ளை சர்வே ஆபீசர் என்று தரகர் சொன்னார். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவர் சர்வேயருக்கு நிலம் அளக்கிற சங்கிலியை இழுக்கிறவர். வேலை கேவலமில்லை, பொய்தான் கேவலம். யுத்த காலத்தில் அதே தரகர் எனக்கும் ஒரு வரன் கொண்டுவந்தபோது அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை.

மாப்பிள்ளை பாலசுந்தரம் பெரம்பலூரில் இங்கிலீஷ் வாத்தியாராம். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் எங்கள் ஊர் அரியலூருக்கு வந்து இறங்கி, புகை படிந்த சட்டையோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? திருச்சி மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீஷ் பிறகு எதற்கு? கதவுக்குப் பின்னால் நின்று கண்ணையன் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் காதில் ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பினேன்.

"மாப்பிள்ளை, சும்மா தெரிஞ்சிக்கத்தான். கர்மட்ஜன்னா என்னங்க?"

சிடுமூஞ்சி ஆளைச் சொல்கிற வார்த்தை அது. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கல்யாண வூட்டுல ரெண்டு பந்தியிலயும் உக்காந்து சாப்பிடுறவருங்க."

அப்பா பெருமையாகத் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் உளறியிருப்பாரோ என்று இன்னொன்று அனுப்பினேன். ஃபிளிபர்ட்டிஜிபெட். ஓயாமல் வாயடிக்கிறவள் என்று அர்த்தம். அதைச் சொல்வதற்குள் மாமாவுக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டது.

"கரி பஸ் மேட்டுல நின்னுட்டா எறங்கித் தள்ளுறவங்களுக்கு அந்தப் பேருங்க. இன்னைக்கு நான்கூட அதான்."

கூடமே "அடேயப்பா" என்றது. மூன்றாவதாக பேம்பூஸில். ஏமாற்றுவது என்று அர்த்தம். வேண்டுமென்றேதான் அனுப்பினேன்.

"மாப்பிள்ளை தட்டுல மட்டும் கேசரிக்கு முந்திரி கூடப் போடுறதுங்க."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கூடத்துக்கே வந்துவிட்டேன். "ஏமாத்துறதுங்க! நீங்க இப்ப பண்றீங்களே, அதுக்குத்தான் அந்தப் பேரு. மூணுமே தப்பு!"

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் சிரித்தார்.

"மொத வார்த்தை சிடுமூஞ்சி, ரெண்டாவது வாயாடி, மூணாவது நீங்க சொன்னதேதான். பொண்ணு நல்லா இங்கிலீஷ் படிக்கும்னு தரகர் சொன்னாரு. போன எடத்துலயும் அதையேதான் சொன்னாரு, அங்க அது பொய்யாப் போச்சு. அதான், தப்பா சொன்னா உள்ளேருந்து யாராவது புடிக்கிறாங்களான்னு பாத்தேங்க."

"புடிக்கலன்னா?"

"கேசரியச் சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பேன்."

தரகர் மெதுவாகச் செருப்பைத் தேடினார். நான் கதவிடுக்கில் மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கதவையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்! கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறைக்காமல் சொன்னாரே என்று மனசு இளகியது.

அப்பா என் பக்கம் திரும்பினார். அக்காவிடம் ஒரு நாளும் கேட்காததை என்னிடம் கேட்டார். "நீ என்னம்மா சொல்ற?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரின்னு சொல்லுங்கப்பா. இவரு பொய் சொன்னா எனக்குத் தெரியும்."