ஃப்ளோரன்ஸ் டீச்சரின் எடை

1994 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இரண்டாம் பூசை நடந்துகொண்டிருக்கும்போது ஃப்ளோரன்ஸ் டீச்சருக்கு எடை இல்லாமல் போனது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இதைப் பற்றி இரண்டு பேச்சு கிடையாது. பக்கத்தில் இருந்தவர்களே பெஞ்சு லேசானதை உணர்ந்தார்கள். எல்லாம் அவர் கணவர் அகஸ்டின் செய்த வேலை. வருடா வருடம் செத்துப்போன அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கொடுத்துப் பழகிய மனுஷன், மனைவி சுகம் பெறப் பூசை கேட்கப் போய், பழக்கதோஷத்தில் "ஃப்ளோரன்ஸ், ஆன்ம இளைப்பாற்றிக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். புதிதாக வந்த ஃபாதர் அதை அப்படியே வாசித்தார்.

மார்பில் வந்த புற்றுக்குப் புதன்கிழமை முதல் மருந்து ஏற்ற வேண்டும். டீச்சர் எல்லாம் தயார் செய்திருந்தார். சொத்தைப் பல்லைப் பிடுங்கியாயிற்று. முடி தானாகக் கொட்டுமுன் ஒட்ட வெட்டிக்கொண்டாயிற்று. பாண்டி பஜாரில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகள் வாங்கியாயிற்று. பயத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதார். போதாததற்கு இந்தக் கூத்து வேறு.

"வாய் தவறிடுச்சு ஃப்ளோரா."

"வாய் தவறல. மனசுக்குள்ள என்னை எப்பவோ பெட்டில வெச்சு மூடிட்டீங்க."



ஆஸ்பத்திரியில் எந்த மிஷினும் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. நர்ஸம்மா ஒற்றை விரலால் டீச்சரைத் தூக்கிக் காட்டினார். பழைய எடையும் உதவாது. ஆள் அவ்வளவு இளைத்திருந்தார்.

"எடை தெரியாம மருந்து அளக்க முடியாதும்மா. கூடிப்போனா மருந்தே கொன்னுடும்" என்றார் டாக்டர் ஸ்ரீரஞ்சனி. "தள்ளிப்போட்டா நோய் முந்திக்கும்."

டீச்சருக்கு ஆத்திரம் பொங்கியது. "செத்தவ கணக்குல சேத்தது இவர்தானே? இவரே தூக்கிப் பாத்துச் சொல்லட்டும்!"

அகஸ்டின் தூக்கினார். விரலுக்கு வந்த உடம்பு அவர் கைக்கு வரவில்லை. முழங்கால் மடங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"கனக்குது ஃப்ளோரா. ரொம்பக் கனக்குது."

"எவ்ளோன்னு சொல்லுங்க."

மாடிக்கு கேஸ் சிலிண்டர் சுமக்கிற மனிதர், கண்ணை மூடி யோசித்தார். "முழு சிலிண்டர் ஒண்ணு, பாதி தீர்ந்தது ஒண்ணு."

டாக்டர் மறுபேச்சில்லாமல் கணக்குப் போட்டு ஐம்பத்திரண்டு கிலோ என்று எழுதினார். மருந்து ஏறியது.

அதன்பின் அந்த வார்டில் யாரும் மிஷினைத் தேடவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அகஸ்டின் தூக்குவார், சொல்வார், டாக்டர் எழுதுவார். டிசம்பரில் அவர் தூக்கிப் பார்த்து, "முழுசு ஒண்ணு, காலி ஒண்ணு" என்றார். சொன்னவர் டீச்சரைக் கீழே இறக்கவில்லை. டாக்டர் நாற்பத்தைந்து என்று எழுதினார்.