டெஸ்மண்ட் உயிர்த்தெழுந்த வாரம்

பாஸ்டர் க்ளென் எங்கள் ஊருக்கு வந்தது சர்ச்சுக்கு வெள்ளையடிக்க. போன வருஷம் வந்த குழுவும் அதற்குத்தான் வந்தது. அதற்கு முந்தின வருஷம் வந்தவர்களும் அப்படித்தான். இப்போது எங்கள் சர்ச் சுவரைச் சுரண்டினால் பலகை தட்டுப்படுவதற்குள் கை ஓய்ந்துவிடும், அத்தனை பூச்சு. ஆனாலும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து சொந்தச் செலவில், லீவு போட்டுவிட்டு வருகிறவர்களிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது? ஏணியைக் கொடுத்துவிட்டு, சேப்பங்கிழங்கைச் சுட்டுவைத்துவிட்டு, அவர்கள் அடிப்பதை நிழலில் உட்கார்ந்து பார்ப்போம்.

நான் இங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். மடாங் டவுனில் படித்தவள் என்பதால், வெள்ளைக்காரர்கள் வந்தால் அவர்களுடைய இங்கிலீஷை எங்கள் டோக் பிசின் பாஷையில் மாற்றிச் சொல்கிற வேலையும் என் தலையில் விழும். பாஸ்டர் க்ளென் மற்றவர்களைவிட நல்ல மனுஷர் என்றே சொல்ல வேண்டும். கொடுத்ததைச் சாப்பிட்டார். கொசுவைப் பற்றிப் புலம்பவில்லை. வந்த மறுநாளே டோக் பிசின் பேச ஆரம்பித்துவிட்டார், அதுதான் வினை. எங்கள் பேச்சில் பாதி வார்த்தைகள் இங்கிலீஷ் மாதிரியே ஒலிக்கும். அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் இது தங்கள் வீட்டுப் பாஷைதான் என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

டெஸ்மண்ட் விழுந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். வேரோவின் மகன் அவன். விருந்தாளிகளுக்கு இளநீர் பறிக்கத் தென்னையில் ஏறி, பாதி மரத்திலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறான். கண் மேலே செருகிவிட்டது, கை கால் அசையவில்லை. வேரோ மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"டை! எம் புள்ள டை!"

பாஸ்டர் ஏணியிலிருந்து அப்படியே இறங்கி ஓடிவந்தார். "டை?" என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் "டை, டை" என்று தலையாட்டினார்கள். அவர் மண்டியிட்டு, பெயின்ட் வழிந்த கையை டெஸ்மண்டின் தலையில் வைத்து, அழுது, கத்தி ஜெபம் செய்தார். அவரோடு வந்த ப்ரெட், எதைப் பார்த்தாலும் போனை நீட்டுகிறவன், முழுவதையும் படம் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் டெஸ்மண்ட் கண்ணைத் திறந்து, "யாரு எந்தலைய அமுக்கறது?" என்றான்.

நான் ஓடி வந்தபோது பையன் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். தலைமுடியில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. பாஸ்டர் தரையில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருந்தார். பாவம், இளகின மனசு, ஊரார் பிள்ளைக்கு இப்படி அழுகிறாரே என்று நினைத்தேன். பையனுடைய மண்டையைத் தடவிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன்.

சாயங்காலக் கூட்டத்தில் வழக்கம்போல அவர் பக்கத்தில் நின்றேன். அவர் வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு இந்த ஊர்ல, ஆண்டவர் செத்துப்போன ஒரு பையன உயிரோட எழுப்பினார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மாற்றிச் சொல்லாமல் நிற்பதைப் பார்த்து, காதில் விழவில்லை என்று நினைத்து அவர் அதையே மறுபடி சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினேன்.

"பாஸ்டர், அவன் சாகல. மயங்கிக் கெடந்தான்."

"அவங்க அம்மாவே சொன்னாங்களே, டைன்னு."

"எங்க பேச்சுல டைன்னா மயக்கம் போட்டு விழறது. நெசமாவே செத்துட்டா டை பினிஸ்னு சொல்லுவோம்."

முன்வரிசை பெஞ்சில் இருந்த சபை மூப்பர் கம்பாவ் பொறுமை இழந்துவிட்டார். "என்ன டீச்சரம்மா, ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கறீங்க? எங்களுக்கும் சொன்னா நாங்களும் கேப்பமில்ல."

நான் சபையைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். டெஸ்மண்ட் செத்துவிட்டதாக பாஸ்டர் நினைத்துக்கொண்டார் என்றேன். சர்ச் அதிரச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது வேரோதான்.

"அப்படிப் பாத்தா எம் புருஷன் வாரா வாரம் சனிக்கெழம குடிச்சுட்டு டை ஆயிடறான், ஞாயித்துக்கெழம உயிர்த்தெழறான். அவனையும் படம் புடிக்கச் சொல்லு டீச்சர்."

"என்ன சொல்றாங்க?" என்று பாஸ்டர் கேட்டார்.

"அவ புருஷனப் பத்தி" என்றேன். அன்று அதற்குமேல் அவர் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு பாட்டோடு கூட்டம் முடிந்தது.

ஊரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் ப்ரெட் கூட்டத்துக்கு முன்பே, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி வீடியோவை அனுப்பிவிட்டிருந்தான். அது கடல் தாண்டி அவர்கள் சபைக்குப் போய், அங்கிருந்து எல்லோர் கைக்கும் போய், நாங்கள் காலையில் எழுந்திருப்பதற்குள் மடாங் டவுனுக்குத் திரும்பி வந்துவிட்டது. என் தங்கை அங்கிருந்து போன் செய்து, "ஏன் அக்கா, ஊர்ல செத்தவனெல்லாம் எழுந்து வர்றானாமே, நம்ம அப்பாவும் வந்தாரா?" என்று கேட்டாள்.

நான் நேராக பாஸ்டரிடம் போனேன். அவர் ஜன்னல் சட்டத்துக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீடியோவ அழிக்கச் சொல்லுங்க பாஸ்டர்."

"சொல்லணும்தான்" என்றார். பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "என் மனைவி ராத்திரி போன் பண்ணினாங்க. வருஷக்கணக்கா சபைப் பக்கமே வராதவங்க எல்லாம் வந்து அழுதுட்டு இருக்காங்களாம். இப்பப் போயி தப்புன்னு சொன்னா அவங்க விசுவாசம் என்னாகும்? நான் ஊருக்குப் போனதும் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்."

"அங்க போயி சொன்னா இங்க யாருக்குக் கேக்கும்?"

அவர் பிரஷ்ஷை டப்பாவில் முக்கி எடுத்தார். பிறகு, "நீ அப்ப அங்க இல்லையே டீச்சர்" என்றார். "ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு நீயே சொல்ற. அவன் எந்த அர்த்தத்துல கெடந்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தையில் ஒரு சந்து இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார், அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார். என்ன சொல்லி வெளியே இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் பெயின்ட் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டு வந்தேன், அது கவிழக்கூட இல்லை.

மூப்பர் கம்பாவ் இன்னும் மோசம். சந்தையில் பாக்கு விற்கப் போனவரைச் சுற்றி ஒரே கூட்டமாம். பாக்கு அத்தனையும் விற்றுத் தீர்த்து, வாய் சிவக்க மென்றுகொண்டு வந்து இறங்கினார்.

"மூப்பரே, கேட்டவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"பாஸ்டரே இல்லன்னு சொல்லல. நான் யாரும்மா இல்லன்னு சொல்ல?" என்று சொல்லிவிட்டு, எச்சிலைத் துப்ப ஓரமாகப் போனார். அவரை அடிக்கக் கை வந்தது. வயசைப் பார்த்து விட்டுவிட்டேன்.

குழு கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் ஒரு லாரி வந்து சர்ச் முன்னால் நின்றது. மலைக்காரர்கள் இறங்கினார்கள். ஒரு பெண், அவளுடைய இரண்டு அண்ணன்மார். பெரியவன் தோளில் பாயில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. சின்னவன் கால் கட்டிய ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கி வந்தான். பாயிலிருந்து ஒரு சின்னப் பாதம் வெளியே தெரிந்தது. ஈ மொய்த்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ருபீனா. மலைமேல் இருந்து விடிய விடிய நடந்து ரோட்டுக்கு வந்து லாரி பிடித்திருக்கிறார்கள்.

"டீச்சர் நீதானே? அந்த பாஸ்டர் எங்க?" என்று கேட்டாள். அழுகை இல்லை. அவசரம்தான் இருந்தது. "எம் பொண்ணு, ஜசிந்தா. காய்ச்சல். நேத்து காலைல போயிட்டா. எங்க ஆளுங்க குழியே வெட்டிட்டாங்க. நான்தான் விடல. எங்க அண்ணன் மவன் போன்ல காட்டினான், அந்த மனுஷன் கை வெச்சதும் பையன் எழுந்து உக்காந்தான். சீக்கிரம் கூப்புடு, நேரமாயிடுச்சு."

பாஸ்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். புன்சிரிப்போடுதான் வந்தார், விருந்தாளி யாரோ என்று. ருபீனா அவரைப் பார்த்ததும் பாயைக் காட்டி, அவருக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பாஸ்டர். டை பினிஸ்."

மொழிபெயர்க்க எனக்கு அங்கே வேலையே இல்லை. அவர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிறவர் மாதிரி பின்னால் கையை நீட்டினார், ஈரச் சுவரில் கை பட்டது. ப்ரெட் போனை எடுத்தான். நான் பார்த்த பார்வையில் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"டீச்சர், அவங்ககிட்ட சொல்லிடு" என்றார் பாஸ்டர்.

"என்னன்னு சொல்ல?"

"அந்தப் பையன் சாகவே இல்லன்னு."

"நீங்க சொல்லுங்க. நான் மாத்திச் சொல்றேன்."

ஈவிரக்கமில்லாமல்தான் சொன்னேன். அந்தத் தாய் ராத்திரி முழுக்க இருட்டில் மலை இறங்கி வந்திருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லவேண்டியது என் வாய் அல்ல.

அவர் சொன்னார். நடுவே இரண்டு முறை நின்றுபோனார். பையன் மயங்கித்தான் கிடந்தான், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், அது தப்பு என்று தெரிந்த பிறகும் சும்மா இருந்துவிட்டேன், என்னால் யாரையும் எழுப்ப முடியாது, என்னை மன்னித்துவிடு. ஒவ்வொரு வாக்கியத்தையும் கூட்டாமல் குறைக்காமல் ருபீனாவிடம் சேர்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூட்டத்தில் நின்ற டெஸ்மண்டைக் கண்டுவிட்டாள்.

"இதோ நிக்கறானே. அதே பையன். தலைல அவர் கை வெச்ச அடையாளம்கூட இன்னும் போகல."

வேரோ முன்னால் வந்தாள். அன்றைக்குச் சிரித்தவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, எம் புள்ள சும்மா மயங்கித்தான் கெடந்தான். கடவுள் சத்தியமா. பெத்தவ நான் சொல்றேன்."

"உம் புள்ள எழுந்துட்டான். நீ என்ன வேணா சொல்லுவ" என்றாள் ருபீனா.

பெரிய அண்ணன் அவள் தோளைத் தொட்டு, "வா புள்ள, போயிடலாம்" என்றான். அவள் கையைத் தட்டிவிட்டாள். பாஸ்டரின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். எதையோ கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு தரையில் கிடந்த பன்றிக்குட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. புரிந்துவிட்டது என்பது போல இருந்தது. என் பக்கம் நெருங்கி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், வெட்கத்தோடு கேட்டாள்.

"பன்னி சின்னதாப் போச்சா டீச்சர்? வீட்ல பெருசு ஒண்ணு இருக்கு. அண்ணன இப்பவே அனுப்பறேன். அதுவரைக்கும் இவர இங்கயே இருக்கச் சொல்லு."

பாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?"

மறைத்திருக்கலாம். மறைக்க எனக்கு மனசில்லை. "பன்னி சின்னதா இருக்கறதாலதான் நீங்க மாட்டேங்கறீங்கன்னு நெனைக்கறா" என்றேன். "பெருசா ஒண்ணு கொண்டுவரச் சொல்லி அண்ணன அனுப்பறேங்கறா."

அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் ருபீனாவின் காலடியில், சேற்றில், இரண்டு முழங்காலும் பட விழுந்து, கை இரண்டையும் கோத்து, கண்ணை மூடிக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ருபீனா பார்த்தது, வீடியோவில் போலவே பாஸ்டர் மண்டியிட்டுவிட்டதை. வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது. அண்ணனுக்குச் சைகை காட்டிப் பாயை அவர் முன்னால் இறக்கவைத்தாள். அவசர அவசரமாகச் சுற்றை அவிழ்த்து, குனிந்து, மகளின் நெற்றியில் ஒட்டிக் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டாள், எழுந்து பார்க்கும்போது கண்ணில் விழக்கூடாது என்று.