வெந்நீர் ஆறிய பகல்

என் வலது தோளில் ஒரு கட்டி உண்டு. பல்லக்குக் கம்பு அழுத்தி அழுத்தி வளர்த்த கட்டி. மழைக்கு முன்னால் விண்விண் என்று தெறிக்கும். என் எசமான் ஒப்சிடியஸ் செனட்டராகி வாழ்ந்த கதையை அதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

கோவேறு கழுதை விற்றவனின் பேரன் அவர். பீசேனம் என்ற நாட்டுப்புறத்திலிருந்து ரோமுக்கு வந்தபோது இரண்டு பேர் தூக்கினால் போதும். சார்டினியாத் தீவை ஆண்டுவிட்டுத் திரும்பியபோது நான்கு பேர் வேண்டியிருந்தது. பிறகு ஆறு. செனட்டில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அங்கே ஓட்டுப் போடுவது காலால்தான். யார் பேச்சு பிடிக்கிறதோ அவர் பக்கம் எழுந்துபோய் நிற்க வேண்டும். ஒப்சிடியஸ் கூட்டம் சேரும் பக்கத்தில் போய் நிற்பார். தன்னை ஆளாக்கிய கிழவரைக் கொல்லச் சொல்லித் தீர்மானம் வந்த அன்றும் அப்படியே நடந்துபோய் நின்றார். பல்லக்குத் தூக்கிகள் நாங்கள் வாசலில் குந்தியிருந்து பார்த்தோம்.

"நம்ம எசமானுக்கு மூளையே கால்லதான்டா இருக்கு" என்பான் முன்கம்புக்காரன் துர்போ.

ஒரு குளிர்காலத்தில் அந்தக் காலின் பெருவிரல் பழுத்த அத்திப்பழம்போல வீங்கியது. பேரரசரின் மருமகனுக்குச் சிலை வைக்கும் தீர்மானம் வந்தது. எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள். இவர் எழப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கத்தில், தன்னந்தனியாக.

"நான் சிலைக்கு எதிரி இல்லடா, என் வெரலுதான்டா எதிரி" என்று வழியெல்லாம் அழுதார். துர்போ சிரிப்பை அடக்கியதில் கம்பு குலுங்கியது.

அதற்காக அவர்மேல் ராஜத்துரோக வழக்கு வந்தது. அதற்கு ஊரறிந்த கணக்கு ஒன்று உண்டு. தீர்ப்புக்கு முன்னால் தானே உயிரை விட்டால் உயில் செல்லும். தீர்ப்பு முந்திக்கொண்டால் சொத்தெல்லாம் கருவூலத்துக்கு. மெழுகுப் பலகையில் எழுதிய உயில் வெறும் மெழுகு. அந்த உயிலில் எனக்கும் என் பெண்டாட்டி நிம்பேக்கும் விடுதலை எழுதியிருந்தார். சார்டினியாவின் காய்ச்சல் சதுப்பிலிருந்து நான் ஒற்றை ஆளாக அவரை முதுகில் சுமந்து வந்ததற்காக. ஒரு விருந்தில் அத்தனை பேர் முன்னாலும் அவரே அதை வாசித்தார்.

தீர்ப்பு நாள் காலையில் அவர் உயிரை விடத் தொட்டியில் வெந்நீர் நிரப்பினோம். கைநரம்பை வெட்ட வந்த வைத்தியர் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஒப்சிடியஸ் ஒரு காலை விட்டார். எடுத்துவிட்டார்.

"சுடுது."

நிம்பே பச்சைத் தண்ணீர் ஊற்றினாள்.

"இப்ப ஆறிப்போச்சு."

மறுபடி அடுப்பை மூட்டினேன்.

"என்னடா அவசரம், பித்தஸ்? பேரரசர்கிட்ட ஆள் அனுப்பியிருக்கேன். அவங்கம்மாவுக்கு வருசா வருசம் மீன் அனுப்பினவன் நான். மொதல்ல திங்க ஏதாச்சும் கொண்டா."

நத்தை தின்றார். தேனில் ஊறிய அப்பம் தின்றார். வெயில் முற்றத்துத் தூண்களைத் தாண்டிவிட்டது.

நிம்பே அவர் காலடியில் மண்டியிட்டாள். "எறங்கிருங்க எசமான். வலிக்காதுன்னு வைத்தியர் சொல்றாரு. நான் கையப் பிடிச்சுக்கறேன்."

"நான் சாகணும்னு உனக்கு அவ்வளவு ஆசையாடி?"

"ஆமா எசமான்."

வைத்தியர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒப்சிடியஸ் அவளை அடிக்கவில்லை. கையிலிருந்த மதுக்கோப்பையைக் காலி செய்தார். பிறகு, "சரி, தூக்குடா" என்றார். கக்கத்தில் கைகொடுத்துத் தொட்டியில் இறக்கினேன். கையை நீட்டினார். கத்தி தோலில் பட்டதும் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு கோப்பை. ஒன்னே ஒன்னு, பித்தஸ்."

திராட்சை மதுவை ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆணிச் செருப்புகளின் சத்தம். தீர்ப்பைச் சொல்லிவிட்டு, படைவீரர்கள் அவரை ஈரத்தோடு எழுப்பினார்கள்.

"பல்லக்கக் கொண்டாங்கடா. என்னால நடக்க முடியாது" என்றார்.

தூக்கினோம். சிறைவாசல் வரைக்கும். உள்ளே கயிறு தயாராக இருந்தது.

கருவூலத்தார் எங்களை ஏலம் விட்டார்கள். நிம்பேயை கப்புவா ஊர்ச் சாயப்பட்டறைக்காரன் வாங்கினான். நான் இந்தக் கல்குவாரிக்கு வந்தேன். அவள் வண்டி ஏறும்போது என் பக்கம் திரும்பப் பார்த்தாள். அவளைச் சங்கிலியில் கோத்திருந்தார்கள், திரும்ப முடியவில்லை.

ஒப்சிடியஸைக் கோழை என்கிறார்கள். சாவுக்குப் பயப்படாதவன் எவன்? அதில் எனக்குப் பேச்சில்லை. அவர் எனக்கு ஒரு விடுதலை பாக்கி. நிம்பேக்கு ஒன்று.